எஃப்.சி. காட்டப் போகிறீர்களா? காகிதம் முதலில், பெயிண்ட் கடைசியில்

எஃப்.சி. என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று தரும் தகுதிச் சான்று. அதன் தேதி நெருங்கியதும் புதிதாக வண்டி வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலை, வண்டியை டிங்கர் ஷெட்டில் விடுவது. பெயிண்ட் காய்ந்து, ஸ்டிக்கர் ஒட்டி, மாலை போடாத குறையாக வண்டி நிற்கும். அப்புறம்தான் போனை எடுத்து ஆன்லைனில் பார்ப்பார்கள். எப்போதோ சிக்னலில் விழுந்த சலான் ஒன்று கட்டாமல் கிடக்கும். இல்லையென்றால் ஓ.டி.பி. பழைய ஓனர் போனுக்குப் போகும். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் தேதி தாண்டிவிடும், புது பெயிண்டில் கீறலும் விழுந்துவிடும்.

என் முதல் ஆட்டோவுக்கு நானும் இதையேதான் செய்தேன். இப்போது வடசென்னை தண்டையார்பேட்டையில் இரண்டு ஆட்டோவும் ஒரு குட்டி யானையும் (டாடா ஏஸ் சரக்கு வண்டி) வைத்திருக்கிறேன். தெரிந்தவர்களின் வண்டிக்கும் கூடப் போய் நின்றதில் ஒன்று புரிந்தது. வண்டி மோசமாக இருந்து திரும்பியவர்களைவிட, வேலையை வரிசை மாற்றிச் செய்து திரும்பியவர்கள்தான் அதிகம். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் வண்டிக்கு எந்த விதி என்று பாருங்கள்

வாடகைக்கோ சரக்குக்கோ ஓடும் எல்லா வண்டிக்கும் எஃப்.சி. உண்டு: ஆட்டோ, டாக்ஸி, குட்டி யானை, ஸ்கூல் வேன், லாரி, துறைமுகத்துக்கு ஓடும் டிரெய்லர். மஞ்சள் போர்டு என்றால் எஃப்.சி. என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஆட்டோவுக்குப் பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து இருக்கும், அதுவும் இதே கணக்குத்தான்.

புது வண்டிக்கு முதல் எஃப்.சி. 2 வருடம். அதன் பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, 8 வயதைத் தாண்டினால் வருடா வருடம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். விற்றவர் 2 வருடத்துக்கு ஒருமுறை காட்டினார், நமக்கும் அப்படித்தான் என்று நினைத்து இருந்துவிடுகிறார்கள். ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்று) பதிவு தேதியைப் பார்த்து வயதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

வெள்ளை போர்டு சொந்த வண்டிக்கு 15 வருடம்வரை இந்த வேலை கிடையாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எஃப்.சி. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆவது பிரிவின்படி எஃப்.சி. இல்லாத வாடகை வண்டியைப் பதிவே இல்லாத வண்டியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் தடவை மாட்டினால் 2,000 முதல் 5,000 ரூபாய்வரை அபராதம், அடுத்த தடவை 10,000 வரை போகும். அபராதத்தை எப்படியாவது கட்டிவிடலாம். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் எஃப்.சி. தேதியை எடுத்துக் காட்டி கிளெய்மில் கை வைக்கும்போதுதான் வலிக்கும்.

2. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எஃப்.சி. முடியும் நாளிலிருந்து ஆறு வாரம் பின்னால் வந்து காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். முதல் வாரம் காகிதத்துக்கு, அடுத்த இரண்டு வாரம் மெக்கானிக்குக்கும் டிங்கருக்கும், அதன் பின் ஒரு வாரம் லைட்டுக்கும் பெயிண்டுக்கும். மீதி இரண்டு வாரத்தைத் தொடாதீர்கள், அது ஃபெயில் ஆனால் மறுபடி போவதற்கு.

தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் வீதம் கூடுதல் கட்டணம் ஏறும் என்பது மத்திய விதி. வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்ற நாளுக்கும் சேர்த்துத்தான்.

அக்டோபர் முதல் டிசம்பருக்குள் தேதி வருகிறவர்கள் இன்னும் இரண்டு வாரம் முன்னால் தொடங்குங்கள். மழையில் பட்டி (பெயிண்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பும் பூச்சு) காயாது, பெயிண்ட் பிடிக்காது. வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் மெக்கானிக் ஷெட் எல்லாம் நின்றுபோன வண்டிகளால் நிரம்பிவிடும், உங்கள் எஃப்.சி. வேலையை எடுக்க ஆள் இருக்காது.

3. காகிதத்தை முதலில் முடியுங்கள்

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணும் சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தும் போட்டு உள்ளே போங்கள். பணம் கட்ட வேண்டாம், என்ன காட்டுகிறது என்று பார்த்தால் போதும். பார்க்க வேண்டியவை இவை.

போன் நம்பர். ஓ.டி.பி. உங்கள் கைக்கு வருகிறதா? செகண்ட் ஹேண்ட் வண்டியில் பெயர் மாற்றியிருந்தாலும் நம்பர் பழையதாகவே இருக்கலாம். பெயரே மாற்றவில்லை என்றால் எஃப்.சி. வேலையை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் பெயரை மாற்றுங்கள்.

சலான். கட்டாத சலான் இருந்தால் மனு பாதியில் நிற்கும். கட்டிய உடனே தளத்தில் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள், சில நாள் எடுக்கும். இதை முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்வது அதனால்தான்.

வரி, பெர்மிட், இன்சூரன்ஸ். மூன்றும் சோதனை நாளன்று உயிரோடு இருக்க வேண்டும். மனு போடும் நாளில் உயிரோடு இருந்து, சோதனை நாளுக்குள் முடிந்துபோன இன்சூரன்ஸால் திரும்பிய வண்டியைப் பார்த்திருக்கிறேன். பத்து நாளில் முடிகிற மாதிரி இருந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். வயதான வண்டிக்குப் பசுமை வரி பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேஸ் வண்டி. சி.என்.ஜி. சிலிண்டரை 3 வருடத்துக்கு ஒருமுறை சோதித்து அந்தச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். எல்.பி.ஜி. டேங்குக்கும் சோதனைச் சான்று கேட்பார்கள். பெட்ரோல் வண்டியில் பிறகு கேஸ் கிட் போட்டிருந்தால் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் போனால் வண்டி ஒன்று, காகிதம் ஒன்று என்று ஆகிவிடும்.

ஆட்டோ மீட்டர். தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளர் வருடா வருடம் முத்திரை வைக்க வேண்டும். மீட்டரை சவாரியில் யார் போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். எஃப்.சி.க்குப் போகும்போது மீட்டர் ஓட வேண்டும், சீல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டி.என். 03 தண்டையார்பேட்டை, டி.என். 18 செங்குன்றம் என்று வட்டாரத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அலுவலகம் உண்டு. திருவொற்றியூருக்கும் மாதவரத்துக்கும் வீடு மாறியவர்கள் ஆர்.சி.யில் எந்த முகவரி, எந்த அலுவலகம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. மெக்கானிக்கிடம் போனால் பிரேக்கில் தொடங்குங்கள்

மோட்டார் வாகன ஆய்வாளரை நம்ம ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சும்மாவா சொல்கிறோம்? வண்டியை அவர் ஓட்டிப் பார்க்கும் சில நிமிடத்தில் முதலில் மிதிப்பது அதைத்தான்.

மெக்கானிக்கிடம் விடுவதற்கு முன்பு நீங்களே பாருங்கள். ஆளில்லாத நேரான ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் போய், ஸ்டியரிங்கை இறுக்காமல் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதியுங்கள். வண்டி இடது பக்கம் இழுத்தால் வலது பக்க பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நிறைய பேர் இழுக்கிற பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவிடுவார்கள். கழற்ற வேண்டியது எதிர்ப்பக்கம். அங்கே லைனர் (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பிரேக் பட்டை) தேய்ந்திருக்கும், அல்லது வீல் சிலிண்டர் ஒழுகி லைனரில் ஆயில் ஏறியிருக்கும். ஆயில் ஏறிய லைனரைப் பெட்ரோல் போட்டுத் துடைத்து மாட்டுவது ஒரு வாரக் கதை. மாற்றிவிடுங்கள்.

ஆட்டோவில் பின் சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி வாலைத் திருப்பும். ஈர ரோட்டில் அது எப்படி இருக்கும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

ஹேண்ட் பிரேக்கை மறந்துவிடுவார்கள், ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. ஷெட் வாசல் சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். நகர்ந்தால் கேபிளை இறுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்டியரிங் ஷேக். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் பேரிங்கோ, சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின்னோ போயிருக்கிறது. தண்ணீர் தேங்கும் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும்.

டயரில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் வெட்டின் ஆழம், ஆட்டோவுக்குக் குறைந்தது 0.8 மி.மீ., நாலு சக்கரத்துக்கு 1.6 மி.மீ. இருக்க வேண்டும். பட்டன் சந்தில் சின்ன மேடு ஒன்று கம்பெனியிலேயே வைத்திருப்பார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயருக்கு ஆயுள் முடிந்தது. சோதனை நாளுக்கு மட்டும் பக்கத்து வண்டி டயரைக் கடன் வாங்கி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மறுநாள் அந்த வழுக்கை டயரில் சவாரி ஏற்றுவது யார் என்பதை அவர்களே யோசிக்கட்டும்.

5. டிங்கரிங்: காசிமேட்டு வண்டிகளுக்குத் தனிப் பாடம்

காசிமேடு மாதிரி கடற்கரை ஓரம் ஓடும் வண்டி கீழிருந்துதான் சாகும். மீன் ஏற்றும் குட்டி யானையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஐஸ் கரைந்து, உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சேசிஸில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு தம்பி தன் குட்டி யானையைக் கூட்டி வந்தான். வெளியே பளபளவென்று இருந்தது. பின்னால் தரைத் தகட்டை ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன், பிஸ்கட் மாதிரி உள்ளே போய்விட்டது. மேலே பட்டி பூசி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அடியில் இரும்பே இல்லை. பெயிண்டுக்கும் பட்டிக்கும் கொடுத்த பணம் போச்சு, எல்லாவற்றையும் உரித்துவிட்டுத் தகடு வெட்டிப் பற்றவைக்க வேண்டியதாயிற்று.

அதனால் டிங்கரிடம் கொடுக்கும் முன்பு வண்டியைத் தூக்கி அடியில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். துரு எங்கே என்பது கழுவினால்தான் தெரியும். தரைத் தகடு, படி, பேட்டரி வைக்கும் தட்டு, சீட் பிடிக்கும் போல்ட், இவற்றைத் தட்டிப் பாருங்கள்.

சேசிஸ் நம்பர் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். அந்த எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள், அது ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். துருவும் கிரீஸும் மூடியிருந்தால் எழுத்து விழாது. டீசலில் நனைத்த துணியால் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மெல்லத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், கிரைண்டர் வேண்டவே வேண்டாம். எழுத்து மழுங்கிவிட்டால் நம்பரைத் திருத்திய வண்டி என்ற சந்தேகம் வரும், அப்புறம் எஃப்.சி. கவலை சின்னதாகிவிடும். டிங்கரிடமும் பெயிண்டரிடமும் இந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டி, "இங்க கை வைக்காதீங்கண்ணே" என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். அதன் மேல் பட்டி பூசியவர்களும் உண்டு.

6. லைட், ஸ்டிக்கர், இதர சாமான்கள்

ஹெட்லைட்டைச் சுவரில் பாருங்கள். சுவரிலிருந்து 25 அடியில் வண்டியை நிறுத்தி, லைட் உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, டிம்மில் எரியவிடுங்கள். வெளிச்சம் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே விழ வேண்டும். மேலே ஏறினால் எதிரில் வருகிறவர் கண்ணை அடிக்கும். கடையில் வாங்கிப் போட்ட கூடுதல் எல்.இ.டி. விளக்கு, பல சத்தம் போடும் ஹாரன், முன்னால் பொருத்திய இரும்பு பம்பர், இவை இருந்தால் கழற்றிவிடுங்கள். "சும்மா அழகுக்கு" என்பது அங்கே பதில் ஆகாது.

ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, சரக்கு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் பக்கவாட்டில் மஞ்சள். நிறத்தை மாற்றி ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஸ்டிக்கரா என்று கடையில் கேட்டு, பில்லையும் வாங்குங்கள். பெயிண்ட் அடித்த பிறகு ஒட்டுங்கள்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி லாரி, பஸ், குட்டி யானை போன்றவற்றுக்கு. பொதுவாக 80 கி.மீ., டேங்கர், டிப்பர், ஸ்கூல் பஸ்ஸுக்கு 60. ஆட்டோவுக்கு அது தேவையில்லை. டாக்ஸிக்கும் பஸ்ஸுக்கும் ஜி.பி.எஸ். கருவியும் அவசர பட்டனும் கேட்பார்கள், ஆட்டோவுக்கு இல்லை. கருவி இருந்தால் மட்டும் போதாது, ரீசார்ஜ் முடிந்து செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

முதலுதவிப் பெட்டி, வைப்பர், கண்ணாடி, ஸ்டெப்னி. பெட்டிக்குள் மருந்து இருக்கட்டும், பீடிக்கட்டு அல்ல.

7. புகைச் சான்று: சர்வீஸுக்குப் பிறகு

ஏர் ஃபில்டர் மாற்றி, ஆயில் மாற்றி, டியூனிங் செய்த பிறகுதான் புகை பார்க்கப் போக வேண்டும். கையோடு ஒரு சான்று வாங்கிவிட்டு அப்புறம் எஞ்சினில் கை வைத்தால், தளத்தில் நல்ல சான்று இருந்தும் சோதனையில் வண்டி கரும்புகை கக்கும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்போதும் மோசமாகக் காட்டும். டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி பி.எஸ். 4-க்கு (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி) முந்தியது என்றால் 65, பி.எஸ். 4 என்றால் 50, அதற்குள் இருக்க வேண்டும். சான்று பி.எஸ். 4-க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் ஒரு வருடம், பழசுக்கு ஆறு மாதம்.

8. இப்போது பெயிண்ட்

முழு பெயிண்ட் தேவையா என்று முதலில் கேளுங்கள். நிறம் ஆர்.சி.யில் உள்ளபடி இருந்து, துரு தெரியாமல் இருந்தால் டச்-அப் போதும். சரக்கு வண்டியில் ஓனர் பெயர், முகவரி, காலி எடை, மொத்த எடை எல்லாம் படிக்கிற மாதிரி எழுதுங்கள். நம்பர் பிளேட்டில் சாமி பெயர், கட்சிக் கொடி, தலைவர் படம் எதுவும் வேண்டாம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிக்குக் கம்பெனி கொடுத்த உயர் பாதுகாப்பு பிளேட் இருக்கும், அதைக் கழற்றி ஸ்டைல் பிளேட் மாட்டியிருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

9. பணம் கட்டி நாள் வாங்குங்கள்

வண்டி தயாரான பிறகு, அல்லது தயாராகும் நாள் உறுதியான பிறகு கட்டுங்கள். கட்டணம் வண்டியின் வகைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும். 2025-இல் பழைய வண்டிகளுக்கு நன்றாகவே ஏற்றிவிட்டார்கள், அதனால் போன தடவை கட்டிய தொகையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தளம் காட்டுவதுதான் தொகை.

ரசீதையும் நாள் குறித்த சீட்டையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறது என்று படியுங்கள். அலுவலகம் ஒரு இடம், சோதனை மைதானம் இன்னொரு இடமாக இருக்கலாம்.

தானியங்கிச் சோதனை நிலையத்துக்குப் போகச் சொன்னால் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஆள் பார்ப்பதை அங்கே மெஷின் பார்க்கும்: உருளை மேல் ஏற்றி பிரேக், மெஷின் வைத்து ஹெட்லைட், புகை. 'பரவாயில்ல, அடுத்த வாட்டி மாத்திடு' என்று மெஷின் சொல்லாது.

புரோக்கர் வேண்டுமா? நேரம் இல்லாதவர் வைத்துக்கொள்ளட்டும், அது அவர் கணக்கு. ஆனால் ஓ.டி.பி.யைப் போனில் படித்துக் காட்டாதீர்கள், அசல் ஆர்.சி.யை ராத்திரி அவரிடம் விட்டுவைக்காதீர்கள்.

10. சோதனை நாள் காலை

வண்டி காலியாக இருக்கட்டும். சரக்கு, சவாரி, பின் சீட்டில் மச்சான், யாரும் வேண்டாம்.

முந்தின நாள் ராத்திரி கழுவுங்கள், காலையில் கழுவினால் டிரம்முக்குள் தண்ணீர் போய் பிரேக் வழுக்கும். மழை பெய்திருந்தால் மைதானத்துக்குப் போகும் வழியில் மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து விடுங்கள், சூட்டில் காய்ந்துவிடும்.

எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் துறைமுக டிரெய்லர் வரிசையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் மாட்டினால் அரைமணி நேரம் என்பது ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அசல் ஆர்.சி., பழைய எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது, கருவிகளின் பில், ஓட்டுகிறவரின் லைசென்ஸ், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் இந்த வரிசையில் வையுங்கள். கேட்டதும் கை நீட்டிக் கொடுக்கிறவருக்கும் பை முழுக்கத் துழாவுகிறவருக்கும் நடத்தை ஒன்றாக இருக்காது. காக்கிச் சட்டை போட்டுப் போங்கள், ஆட்டோக்காரரிடம் அதையும் பார்ப்பார்கள்.

ஆய்வாளர் லைட் போடச் சொன்னால் லைட்டை மட்டும் போடுங்கள். கேட்காத குறையை நாமே விளக்க ஆரம்பித்து மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

11. ஃபெயில் ஆனால்

குறை என்னவென்று எழுத்தில் வாங்குங்கள். 'பிரேக் சரியில்ல' என்று வாயால் கேட்டுக்கொண்டு போனால் மெக்கானிக் முன் சக்கரத்தைப் பார்ப்பார், குறை பின்னால் இருக்கும். எழுதிய குறையை மட்டும் சரிசெய்து மறுசோதனைக்கு நாள் வாங்குங்கள். தொடாமல் வைக்கச் சொன்ன இரண்டு வாரம் இதற்குத்தான். பாஸ் ஆனால் எஃப்.சி.யில் வண்டி எண்ணும் முடியும் தேதியும் சரியாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே படியுங்கள். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்த பிழைக்கு இன்னொரு நாள் சவாரி போகும்.

12. வெள்ளை போர்டு வண்டி, 15 வருடம் ஆனால்

சொந்த பைக்குக்கும் காருக்கும் 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியைக் காட்டத்தான் வேண்டும். ஒருமுறை புதுப்பித்தால் 5 வருடம். படிவம் 25, முடியும் தேதிக்கு 60 நாள் முன்னாலிருந்து போடலாம். பைக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய், காருக்கு 5,000. 20 வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்ட்டிலிருந்து பைக்குக்கு 2,000, காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. தாமதமானால் மாதத்துக்குப் பைக்குக்கு 300, மற்றதற்கு 500 கூடும்.

வரிசை அதேதான்: காகிதம், பிரேக், துரு, லைட், புகை, கடைசியில் பெயிண்ட். அப்பா ஓட்டிய பழைய பைக் என்றால் ஆர்.சி. இன்னும் அப்பா பெயரிலா என்று முதலில் பாருங்கள். அவர் காலமாகியிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றும் வேலை முன்னால் வரும். அதற்குச் சான்றுகள் சேர்க்க வேண்டியிருப்பதால் ஆறு வாரம் போதாது, மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.